கட்டி என்று ஒரு செல்லப்பேர்

பிப்ரவரி 6

என் அருமைக் கட்டிக்கு,

உன் முரட்டு அக்கா எழுதுறது. போன கடிதத்துல "நலம், நலமறிய ஆவல்"னு ஆரம்பிச்சிருந்தே. கூடப்பிறந்தவளுக்கு என்னடி அவ்வளவு மரியாதை? நான் கல்லுக்குண்டா இருக்கேன். நீ வேளாவேளைக்கு சாப்பிடுறியா, அதைச் சொல்லு முதல்ல.

போன்ல பேசலாமேன்னு உங்க அத்தான் கேட்கிறார். நாம ரெண்டு பேரும் போன்ல பேசினா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியாதா? நான் கத்துவேன், நீ அழுவே, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வச்சுடுவோம். காகிதத்துல கத்தினா உன் காதுக்குக் கேட்காது. அதனால காகிதமே நமக்கு நல்லது.

நான் வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற டிரைவிங் ஸ்கூல்ல புதுசா ஒரு பேங்க் மேனேஜர் சேர்ந்திருக்கார். ஊர்ப் பணத்தையெல்லாம் காபந்து பண்ற மனுஷன், எதிர்ல ஒரு சைக்கிள் வந்தா ஸ்டீரிங்கை விட்டுட்டு ரெண்டு கையாலயும் மூஞ்சியைப் பொத்திக்கிறார். நல்லவேளை, சொல்லிக் கொடுக்கிறவங்க பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வச்சிருக்கான் புண்ணியவான். இல்லேன்னா நானும் மேனேஜரும் என்னைக்கோ ஒரே பேப்பர்ல செய்தியா வந்திருப்போம்.

அத்தான் அத்தானாத்தான் இருக்கார். பகல் பூரா மெழுகுல அடுத்தவங்க பல்லைச் செதுக்குறார், பல்செட்டு பண்ணிக் கொடுக்கிறார், தன் வாயை மட்டும் திறக்க மாட்டேங்கிறார். நேத்து முழுக்க அவர் பேசினது "டீ ஆறிடுச்சு" மட்டும்தான்.

எனக்குத்தான் கொஞ்ச நாளா கிளட்சை மிதிச்சா இடது தொடையில ஏதோ இழுத்துப் பிடிக்குது. வலின்னு சொல்ல முடியாது. வயசாகுதுன்னு கால் ஞாபகப்படுத்துது போல. தைலம் தேய்ச்சுக்கிறேன். நீ ஒண்ணும் கவலைப்பட்டுக் கிழிக்க வேண்டாம்.

உன் முரட்டு அக்கா


பிப்ரவரி 19

அன்பு அக்காவுக்கு,

உன் கட்டி எழுதுவது. உன் கடிதத்தைச் சலவை அறையிலேயே பிரித்துப் படித்தேன். பேங்க் மேனேஜர் கதையைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், இஸ்திரி போடும் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி சிரித்த சிரிப்பில் தலையணை உறை தீய்ந்து போனது. அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும்.

இங்கே ஹோட்டலில் எப்போதும் கூட்டம்தான். படுக்கை விரிப்பு மலைமலையாக இறங்குகிறது. மேற்பார்வை என்று பெயர் கொடுத்தார்களே தவிர, ஆள் வராத நாளில் நான்தான் மெஷினுக்குள் தலையை விட்டு உதறிக்கொண்டிருக்கிறேன். அறைக்குத் திரும்பினால் பேச ஆள் கிடையாது. புகார் சொல்கிறேன் என்று நினைக்காதே. புகார்தான்.

மே மாதம் எனக்கு லீவு வருகிறது. அம்மா போன பிறகு நான் உன் வீட்டுக்கு வரவே இல்லை. அந்த லீவு முழுவதும் உன்னிடம் வந்து இருக்கட்டுமா? உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நானும் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். நீ திட்டினால் அங்கேயே இறங்கி நடந்து வந்துவிடுவேன். அத்தானிடம் சொல்லிவை.

தொடையை டாக்டரிடம் காட்டு. தைலத்தோடு நிறுத்திவிடாதே.

உன் கட்டி


மார்ச் 21

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. பதில் போட நேரம் கிடைக்கலை, வேலை அதிகம்.

மே மாசம் வர வேண்டாம். வீட்டுல கொஞ்சம் வேலை நடக்குது, உனக்கு வசதிப்படாது. அப்புறம் பார்க்கலாம்.

நாங்க நல்லா இருக்கோம். நீ உடம்பைப் பார்த்துக்கோ.

இப்படிக்கு,
அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. படிக்க அதில் என்ன இருந்தது? "அன்புள்ள தங்கைக்கு." யாருக்கு எழுதினாய் அக்கா, எனக்கா, இன்சூரன்ஸ் கம்பெனிக்கா? எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீ என்னைக் கட்டி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். கோபம் வந்தால் "ஏய் கட்டி", கொஞ்சினால் "கட்டிம்மா". தங்கை என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. உறைமேல் என் விலாசம் இருந்ததால்தான் எனக்கு வந்தது என்று நம்பினேன்.

மனசு கேட்கவில்லை. நேற்று அத்தானுடைய பல் பட்டறைக்குப் போன் போட்டேன். "வீட்டில் என்ன அத்தான் நடக்கிறது, அக்கா ஏன் இப்படி எழுதியிருக்கிறாள்?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "என்னத்தைச் சொல்றதும்மா. கட்டின்னு பேச்செடுத்தாலே உங்க அக்கா எழுந்து போயிடுறா. இந்த வீட்டுல அந்த வார்த்தையே யாரும் சொல்லக்கூடாதுன்னுட்டா."

மேலே ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. போனை வைத்துவிட்டேன்.

நான் என்ன அக்கா செய்தேன்? என் பேரைக்கூட உன் வீட்டில் சொல்லக்கூடாத அளவுக்கு என்ன தப்புப் பண்ணிவிட்டேன்? லீவுக்கு வருகிறேன் என்று கேட்டது குற்றமா? இருந்தால் சொல்லிவிடு, காலில் விழுகிறேன். இல்லையென்றால் அதையும் சொல். எனக்கென்று இருப்பது நீ ஒருத்திதான். இப்படி நடுவழியில் இறக்கிவிட்டுப் போகாதே.

(என்ன என்று கையெழுத்துப் போடுவது?)


ஏப்ரல் 10

அடி பைத்தியக்காரி,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு நான் சிரிச்ச சிரிப்புல அத்தான் பட்டறையில இருந்து எழுந்து ஓடி வந்தார். வந்து பார்த்தா நான் அழுதுக்கிட்டிருக்கேன். கடிதத்தை அவர் கையில கொடுத்தேன். படிச்சுட்டு தலையில அடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டார் மனுஷன்.

அவர் சொன்ன கட்டி நீ இல்லடி. என் தொடையில இருக்கிற கட்டி.

உட்கார்ந்து நிதானமாப் படி. அழுறதா இருந்தா கடைசியில மொத்தமா அழுதுக்கோ.

தைலம் தேய்ச்சப்போ விரலுக்கு ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. எலுமிச்சம்பழம் அளவு, உள்ள ஆழத்துல. வலியே இல்லை. நம்ம தெரு டாக்டர் அமுக்கிப் பார்த்துட்டு, "கொழுப்புக் கட்டிம்மா, ஒண்ணும் பண்ணாது"ன்னார். அத்தான்கிட்ட வந்து சொன்னேன்: "உடம்பெல்லாம் கொழுப்பு உனக்குன்னு எங்கம்மா சொல்லுவாங்க, இப்போ டாக்டரே சொல்லிட்டார்." அன்னைக்கு அவரும் சிரிச்சார்.

அது அப்புறம் பெரிசாயிட்டே வந்தது. ஒருநாள் மேனேஜர் வழக்கம்போல மூஞ்சியைப் பொத்திக்கிட்டார். நான் கிளட்சை மிதிக்கிறேன், கால் கேட்கலை. பிரேக்கை மட்டும் மிதிச்சு வண்டியைக் குலுக்கி நிறுத்தினேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா அன்னைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. ஸ்கேன் எடுத்தாங்க, ஊசியை விட்டு சதையைக் கொஞ்சம் எடுத்து சோதிச்சாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. அங்க சொன்ன பேரு சார்கோமா. கேட்டா ஏதோ சோப்புப் பேரு மாதிரி இருக்கு. புற்றுநோய்லயே அபூர்வமான ஒரு ஜாதியாம். சதையில, கொழுப்புல, எலும்புல எல்லாம் வருமாம். எனக்கு சதையில. விஷயம் தெரிஞ்ச ரெண்டு மூணு பேரும், "சதையிலயா? அங்கெல்லாம் கூடவா வரும்?"னு கேட்கிறாங்க. நான் ஏதோ இஷ்டப்பட்டு இடம் பார்த்து வாங்கின மாதிரி.

அடுத்த வாரத்துல இருந்து கதிர்வீச்சு. கரண்டு வைக்கிறதுன்னு சொல்லுவாங்களே, அது. அது முடிஞ்சு கொஞ்சம் ஓய்வு, அப்புறம் ஆபரேஷன்.

உனக்கு எழுத உட்கார்ந்தப்போ "என் அருமைக்"னு எழுதிட்டேன், அடுத்த வார்த்தை வரலை. அந்த வார்த்தையை டாக்டர் சொல்றார், நர்ஸ் சொல்றா, ஸ்கேன் எடுக்கிற பையன் "கட்டி எந்தப் பக்கம்?"னு கேட்கிறான். அதே வார்த்தையால உன்னைக் கூப்பிட எனக்கு நாக்குக் கூசிச்சு. நீ பிறந்தப்போ மொழுமொழுன்னு இருந்தேன்னு நான்தான் அந்தப் பேரு வச்சேன். "எங்கம்மாவுக்குக் கட்டி வந்திருக்கு"ன்னு தெருவெல்லாம் கத்திக்கிட்டு ஓடினேன், எதிர்வீட்டு அம்மா பதறிப்போய் மருந்தோட ஓடி வந்தாங்க. ஞாபகம் இருக்கா, அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. அந்தப் பேரு இப்படி ஆகிப்போச்சேன்னு இருக்கு எனக்கு.

உன்னை வர வேண்டாம்னு சொன்னதுக்குக் காரணம் இதுதான். அம்மா படுத்த படுக்கையா இருந்தப்போ நீ ஒண்டியா எல்லாம் பார்த்தே. நான் வந்து வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனேன். அதுல நீ பாதியாத் தேய்ஞ்சு போனே. இன்னொரு கட்டில் பக்கத்துல உன்னை உட்கார வைக்க எனக்கு மனசு வரலை. அதனால வராதே. கோபப்பட்டாலும் பரவாயில்லை.

உன் அக்கா


ஏப்ரல் 18

அக்கா,

கடைசியில் மொத்தமாக அழச் சொன்னாய். நான் முதல் வரியிலேயே ஆரம்பித்துவிட்டேன். இங்கே எல்லாரும் என்ன என்ன என்று கேட்க, நீராவி கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

இப்போது அழுது முடித்துவிட்டேன். இனிமேல் கோபம். எனக்குக் கோபப்படத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் நீ.

முதலாவது, என்னைக் கேட்காமல் எனக்காக முடிவு பண்ண நீ யார்? அம்மாவைப் பார்த்துக்கொண்டதால் நான் தேய்ந்துபோனேன் என்கிறாய். அம்மாவால் நான் தேயவில்லை அக்கா. அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பதும், துடைத்துவிடுவதும், வாயில் ஊட்டுவதும் எனக்குக் கஷ்டமாகவே இருக்கவில்லை. வாசலில் வந்து நின்ற ஒவ்வொருத்தரும் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்கள். நீயும் அதைத்தான் கேட்டாய். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருத்தர் கேட்கவில்லை. ஒருநாள் பால் கொண்டுவருகிறவர் மட்டும், "என்னம்மா, தூங்கவே இல்லையா?" என்றார். கதவைச் சாத்திவிட்டு அப்படி அழுதேன். பால் பொங்கி வழிந்துவிட்டது.

உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அத்தானுக்காகச் சொல்கிறேன். அவரை யாராவது கேட்டார்களா? "அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது" என்று சட்டம் போட்டிருக்கிறாயே, அந்த மனுஷன் யாரிடம் போய்ப் பேசுவார்? பல்லிடமா? சாதாரண நாளிலேயே வாய் திறக்காதவர். நீ சொன்னதைக் கேட்டுக் கேட்டு உள்ளுக்குள்ளேயே நொந்துபோவார். இன்றைக்குச் சாயங்காலம் அவரைப் பார்த்து, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேள். கேட்டுவிட்டு என்ன ஆகிறது என்று எனக்கு எழுது.

அந்த ஆஸ்பத்திரியில் இதே வியாதி வந்தவர்கள் வேறு யாராவது இருப்பார்கள். உனக்கு மட்டுமா வந்திருக்கப்போகிறது? அந்த நர்ஸிடம் கேட்டுத் தேடிப் பிடி. கூட இருப்பவர்களுக்கும் ஏதாவது இருக்கிறதா என்று கேள். வெட்கப்படாதே. பேங்க் மேனேஜரையே அதட்டி உருட்டுகிறவளுக்கு ஒரு நர்ஸிடம் கேட்க என்ன?

இரண்டாவது, என் பேர். அந்தப் பேர் எனக்குத்தான் முதலில் வந்தது. உன் தொடையில் இருப்பது நேற்று வந்தது. அதற்கு என் பேரைத் தூக்கிக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். நீ வாய் நிறைய என்னைக் கட்டி என்று எழுதும்வரை நான் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடமாட்டேன். மொட்டையாகத்தான் வரும். நீ கூப்பிடும்வரை வரவும் மாட்டேன். ஆனால் கூப்பிடு அக்கா. கெஞ்சித்தான் கேட்கிறேன்.


மே 23

அன்புத் தங்கைக்கு,

கோபப்படாதே. எழுதிப் பார்த்தேன், இன்னும் வரலை.

நீ சொன்னபடி கேட்டேன். அத்தான் பட்டறையில உட்கார்ந்து மெழுகை உருக்கிக்கிட்டிருந்தார். வாசல்ல நின்னு, "ஏங்க, நீங்க சாப்பிட்டீங்களா?"ன்னேன். மனுஷன் என்னை நிமிர்ந்து பார்த்தார். கையில இருந்த பல்வரிசை கீழே விழுந்து ரெண்டா உடைஞ்சு போச்சு. "மத்தியானமே சாப்பிடலை"ன்னார். அப்புறம், "நேத்தும் சரியா சாப்பிடலை"ன்னார். அதுக்கப்புறம் மழை பிடிச்ச மாதிரி பேச ஆரம்பிச்சார் பாரு, எனக்கு மூச்சு முட்டிடுச்சு.

கொஞ்ச நாளா சனிக்கிழமை சனிக்கிழமை, "பல்செட்டு கொடுத்துட்டு வரேன்"னு சட்டை மாத்திக்கிட்டுக் கிளம்புவார். ஊர்ல சனிக்கிழமை மட்டும் இத்தனை பேருக்கா பல் போகுதுன்னு நானும் நினைச்சேன். பார்த்தா, பெரிய ஆஸ்பத்திரியில கூட இருக்கிறவங்களுக்குன்னு ஒரு கூட்டம் நடக்குதாம். நர்ஸம்மா அவரைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கா. எனக்குத் தெரிஞ்சா எழுந்து போயிடுவேன்னு பயந்து மறைச்சிருக்கார். புருஷன் பொய் சொல்லிட்டு எங்க போறார்னு பார்த்தா, என்னைப் பத்தி அழுறதுக்குப் போயிருக்கார்.

போன சனிக்கிழமை நானும் கூடப் போனேன். எனக்கு மனசே இல்லை. கூட்டம்னா எல்லாரும் சோகமா உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டுவாங்கன்னு நினைச்சேன். ரெண்டு ரூம் இருக்கு. ஒண்ணு வியாதிக்காரங்களுக்கு, ஒண்ணு கூட வந்தவங்களுக்கு. நடுவுல பலகைத் தடுப்பு. உள்ள நுழையுறேன், ஒரு பெயிண்டர், "வாங்கம்மா, உங்களுக்கு எங்க?"ன்னார், பஸ்ல எந்த ஸ்டாப்னு கேட்கிற மாதிரி. "தொடையில"ன்னேன். "எனக்கு முதுகுல. அந்தம்மாவுக்குத் தோள்ல. உட்காருங்க"ன்னார். அவ்வளவுதான். "சதையிலயா?"ன்னு ஒருத்தரும் கேட்கலை. எனக்கு அங்கேயே பாதி பாரம் இறங்கிடுச்சு.

பெயிண்டருக்கு ஆபரேஷன் ஆகி வருஷக்கணக்கு ஆச்சாம். ஏணி ஏற முடியாது, கீழ நின்னுக்கிட்டு மத்தவங்களை விரட்டுறாராம். தோள்ல வந்த அம்மாவுக்கு ரெண்டாவது தடவையும் வந்திருக்கு. அதையும் மறைக்காமச் சொன்னாங்க. பயமா இருக்குன்னாங்க, பயமா இருக்கிறப்போ என்ன பண்றாங்கன்னும் சொன்னாங்க. அலமாரியை எல்லாம் கவுத்துப் போட்டுத் திரும்ப அடுக்குவாங்களாம். அவங்க வீட்டு அலமாரி பளிச்சுனு இருக்குமாம். எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்.

அப்போ தடுப்புக்கு அந்தப் பக்கம் உங்க அத்தான் குரல் கேட்டுச்சு. அவர் இவ்வளவு சத்தமாப் பேசி நான் கேட்டதே இல்லை. சொல்றார்: "அவ டிரைவிங் சொல்லிக் கொடுக்கிறவ. அவ பக்கம் தனியா பிரேக் இருக்கு. யாரு தப்புப் பண்ணினாலும் அவ நிறுத்திடுவா. இப்போ வண்டியை அவ ஓட்டுறா, நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். என் பக்கம் பிரேக்கும் இல்லை, ஒண்ணும் இல்லை. சும்மா காலைத் தரையில அழுத்திக்கிட்டு வரேன்."

அந்தத் தோள் அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. வீட்டுக்கு வர்ற வழியில அவர்கிட்ட சொன்னேன்: "இனிமே அந்த வார்த்தையைச் சொல்லலாம். சட்டம் வாபஸ்." அவர், "கட்டி, கட்டி, கட்டி"ன்னு சொல்லிக்கிட்டே வந்தார், ரோட்டுல போறவங்க திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

கரண்டு வைக்கிறது முடியப் போகுது. தோல் கருத்துப் போய் எரியுது, அலுப்புன்னா அப்படி ஒரு அலுப்பு. மத்தபடி உயிரோட இருக்கேன்.

உன் அக்கா


மே 31

அக்கா,

அத்தான் கையில் இருந்த பல் உடைந்த இடத்திலிருந்து நான் மறுபடியும் மறுபடியும் படிக்கிறேன். அவரைத் திட்டாதே. அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரர் கொஞ்ச நாள் கஞ்சி குடிக்கட்டும்.

இதோடு மெல்லிய தலையணை உறைகள் அனுப்பியிருக்கிறேன். ரொம்பத் தடவை துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆனவை, ஹோட்டலில் கழித்துவிட்டார்கள். எரிகிற தோலுக்கு அடியில் போட்டுக்கொள், உறுத்தாது.

எல்லாரும் வார்த்தையைச் சொல்கிறீர்கள். அத்தான் தெருவில் கத்திச் சொல்கிறார். எனக்கு மட்டும் இன்னும் அது வரவில்லை. பரவாயில்லை. காத்திருக்கிறேன். கையெழுத்து இல்லை.


ஜூலை 2

அன்புத் தங்கைக்கு,

ஆஸ்பத்திரிக் கட்டில்ல உட்கார்ந்து எழுதுறேன். நாளைக்குக் காலையில ஆபரேஷன். உன் உறைதான் காலுக்கு அடியில இருக்கு.

இந்தக் காகிதத்தோட மேல ஒரு எழுத்தை அடிச்சிருக்கேன் பாரு. "க"ன்னு எழுதிட்டேன். அப்போ சரியா டாக்டர் வந்தார். கட்டி நரம்புக்கு ரொம்பப் பக்கத்துல இருக்காம். சுத்தியிருக்கிற நல்ல சதையையும் சேர்த்துத்தான் எடுப்பாங்களாம். காலைக் காப்பாத்திடுவோம்னு நம்புறாங்க, ஆனா பழைய பலம் வராதுன்னு சொல்லிட்டாங்க. "நான் டிரைவிங் சொல்லிக் கொடுக்கிறவ, கிளட்சு மிதிக்கணும்"னேன். "முதல்ல நடக்கலாம்மா"ன்னார். அதுக்கப்புறம் மீதி எழுத்தை எழுத முடியலை. அடிச்சுட்டேன்.

எனக்குப் பயமா இருக்குடி. அத்தான்கிட்டயும் சொல்லிட்டேன். முன்னாடி மாதிரி எழுந்து போகலை. எழுந்து போகவும் முடியாது, கையில ஊசி குத்தி வச்சிருக்காங்க. அவர் எதிர்ல உட்கார்ந்து, பட்டறையில இருந்து கொண்டுவந்த மெழுகுத் துண்டை விரலால உருட்டிக்கிட்டே இருக்கார். "என்ன பண்றீங்க?"ன்னேன். "பிரேக் செய்யுறேன்"ங்கிறார். பேச ஆரம்பிச்சதுல இருந்து அவருக்கு நக்கல் ஜாஸ்தியாயிடுச்சு.

நீ எப்படி இருக்கே? கேட்டுட்டேன் பாரு. அம்மா இருந்தப்போ கேட்டிருக்கணும். தூங்குறியாடி?

உன் அக்கா


ஜூலை 9

அக்கா,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அத்தான் போனில் சொன்னார். எவ்வளவு நேரம் பேசினார் தெரியுமா? நான்தான், "அத்தான், எனக்கு வேலைக்கு நேரமாகிறது" என்று வைக்கவேண்டியதாயிற்று.

தூங்குகிறேனா என்று கேட்டிருந்தாய். அந்த வரியை மட்டும் கிழித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.


ஆகஸ்ட் 4

என் அருமைக் கட்டி,

கட்டி. கட்டிம்மா. ஏய் கட்டி.

போதுமா? வந்துடுச்சு. எப்படி வந்ததுன்னு சொல்றேன், கேளு.

எடுத்ததை சோதனைக்கு அனுப்பியிருந்தாங்க, ரிசல்ட் வந்தது. ஓரமெல்லாம் சுத்தமா இருக்காம், ஒண்ணும் மிச்சம் வைக்காம எடுத்துட்டாங்களாம். புண்ணுதான் ஆற மாட்டேன்னு அடம் பிடிக்குது, இன்னும் கசியுது. நடக்கிற சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு அடுப்படி வரைக்கும் போறேன், வரேன். பிசியோதெரபி பொண்ணு வந்து, "காலைத் தூக்குங்க, இன்னும், இன்னும்"னு என்னை அதட்டுறா. மேனேஜரை நான் எப்படி அதட்டியிருப்பேன்னு இப்போ புரியுது. அவர் லைசென்ஸ் வாங்கிட்டாராம்டி! பார்க்க வந்திருந்தார், தானே ஓட்டிக்கிட்டு. கிளட்சே இல்லாத வண்டி. "மேடம், இதுக்கு இடது கால் வேண்டவே வேண்டாம்"னார். அவர் போனப்புறம் ரொம்ப நேரம் அந்த வண்டியை நினைச்சுக்கிட்டிருந்தேன். ஸ்கூல் முதலாளிகிட்டயும் பேசியிருக்கேன், அந்த மாதிரி ஒண்ணு வாங்கச் சொல்லி.

நேத்து டாக்டர்கிட்ட போனோம். இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை நெஞ்சுக்கு ஸ்கேன், காலுக்கும் சோதனை. இந்த வியாதி திரும்பி வரலாம், வராமலும் போகலாம்னார். ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லிட்டார். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அத்தான் பேசவே இல்லை. பழைய ஆளு திரும்பிட்டாரோன்னு பயந்துட்டேன். வாசல்கிட்ட வந்ததும் கேட்டார்: "கட்டி திரும்பி வந்தா என்ன பண்றது?"

எனக்கு எங்கிருந்து வந்ததுன்னு தெரியலை. "வந்தா கதவைத் திறங்க. பெட்டியைக் கையில வாங்கிக்குங்க. ஒரு டீ போட்டுக் கொடுங்க"ன்னேன்.

எந்தக் கட்டின்னு அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆச்சு. புரிஞ்சதும் சிரிச்சார் பாரு, சாவியைக் கீழே போட்டுட்டார். நானும் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சேன், தையல் போட்ட இடமெல்லாம் வலிக்க வலிக்க. நேத்துல இருந்து அந்த வார்த்தையைச் சொன்னா எனக்கு உன் மூஞ்சிதான் வருது. அந்தப் பேரு உன்னோடதுதான். அந்த இன்னொண்ணு வந்தா வேற பேரு வச்சுக்கலாம்.

அதனால வா. என்னைப் பார்த்துக்கிறதுக்கு இல்லை, அதுக்கு உங்க அத்தான் இருக்கார், அவர் இடத்தைப் பிடிக்க வந்தா சண்டைக்கு வருவார். உன்னைப் பத்தி நர்ஸம்மாகிட்ட சொன்னேன். ஒருத்தி, எங்கம்மாவை ஒண்டியாப் பார்த்துக்கிட்டா, அம்மாவுக்கு வந்தது வேற வியாதி, இப்போ அம்மாவும் இல்லை, அவளும் அந்த ரூமுக்கு வரலாமான்னு கேட்டேன். "பார்த்துக்கிட்டவங்க எல்லாருக்கும் அந்த ரூம்தான், நாற்காலி போட்டு வைக்கிறேன்"னா. சனிக்கிழமை நான் ஒரு பக்கம், நீயும் அத்தானும் ஒரு பக்கம். தடுப்பு ரொம்ப மெல்லிசு, நீ பேசுறது எனக்குக் கேட்கும். அன்னைக்குக் கேட்காததை இப்போ கேட்டுக்கிறேன்.

சீக்கிரம் வாடி.

உன் முரட்டு அக்கா


ஆகஸ்ட் 12

அக்கா,

லீவு கொடுத்துவிட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. பால் பொங்கி வழிந்ததைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன்.

சனிக்கிழமைக்கு முன்னாலேயே வந்துவிடுவேன். அத்தானைக் கதவைத் திறந்து வைக்கச் சொல். பெட்டி கனமாக இருக்கும்.

உன் கட்டி